சொல் அறிவோம்: நிரை



இந்த மாதப் பாடத்துக்கு ஒரே ஒரு சொல்தான் எடுத்திருக்கிறேன்: நிரை.

யாப்பிலக்கணம் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு 'நேர், நிரை' என்று வாய்ப்பாடு சொன்னது ஞாபகம் இருக்கும். புறத்திணை படித்தவர்களுக்கு 'ஆநிரை கவர்தல்' ஞாபகம் இருக்கும். தேர்வு முடிந்ததும் ரெண்டையும் மூட்டை கட்டி வைத்திருப்போம். பழைய காலத்துச் சொல், புத்தகத்தோடு முடிந்துபோன சொல் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம்.

ஆனா உங்க வீட்டில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால் கொஞ்சம் கேட்டுப் பாருங்க. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பாலிங் என்று எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி. பால்மரம் நிற்கிற வரிசைக்கு அவங்க என்ன பெயர் சொல்லுவாங்க? 'நெரை' என்பார்கள். அதே சொல்தான். சங்கப் பாட்டில் ஆடுமாடு ஓட்டிய சொல், நம்ம பால்காட்டில் மங்கும் வாளியுமாக நடந்திருக்கிறது. அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் எழுத்தைச் சரிபார்ப்போம்

நிரை வேறு, நிறை வேறு. இடையின 'ரை' வந்தால் வரிசை, கூட்டம். வல்லின 'றை' வந்தால் நிறைவு, எடை, மனதைக் கட்டுக்குள் வைக்கும் உறுதி. திருக்குறளில் 'வாழ்க்கைத் துணைநலம்' அதிகாரத்தின் 7ஆம் குறளில் வருவது வல்லின நிறை. மன உறுதியைப் பற்றிய குறள் அது. நன்னூல் சொல்லும் 8 பொருள்கோள்களில் ஒன்றான 'நிரனிறை' இன்னும் குழப்பும். நிரல் + நிறை என்று பிரிப்பதால் முதலில் இடையினம், பின்னால் வல்லினம்.

இன்னொரு எச்சரிக்கை. 'நிரந்தரம்', 'நரகம்' என்ற பொருளில் வரும் 'நிரயம்' ஆகிய ரெண்டும் வடமொழிச் சொற்கள். ஓசை ஒத்துப் போகிறது என்பதற்காக நிரையோடு உறவு கொண்டாட வேண்டாம். சொல்லாராய்ச்சியில் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இதுதான்.

உண்மையான உறவுச் சொல் 'நிரல்'. ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கு. கூட்டத்துக்கு 'நிகழ்ச்சி நிரல்' போடுகிறோம் இல்லையா, அதுதான். கணினித் துறையில் கட்டளைகளை ஒழுங்காக அடுக்கி எழுதுவதை 'நிரலாக்கம்' என்று தமிழில் சொல்கிறார்கள். என்னைப் போல் பொறியியல் படிக்கிறவர்கள் ராத்திரி பூரா முழிச்சிருந்து செய்கிற வேலைக்குப் பெயர் இவ்வளவு பழைய வேரிலிருந்து வந்திருக்கிறது.

2. வரிசை என்ற பொருள்

நிரையின் அடிப்படைப் பொருள் வரிசை. பழைய பாடல்களில் கையில் அடுக்கி அணிந்த வளையல் நிரை வளை. அதை அணிந்த பெண்ணையே 'நிரைவளை', 'நிரைதொடி' என்று குறிப்பார்கள். யானைப் படை அணிவகுத்து நின்றால் யானை நிரை. தேர்கள் நின்றால் தேர் நிரை. வினையாகவும் வரும்: நிரைத்தல் என்றால் ஒழுங்காக அடுக்குதல்.

கணிதத்துக்கும் இந்தச் சொல் போயிருக்கிறது. நாம் இடைநிலைப் பள்ளியில் மேட்ரிக்ஸ் பாடத்தில் 'பாரிஸ்', 'லாஜூர்' என்று மலாயில் படித்தோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்கு 'நிரை', 'நிரல்' என்று எழுதியிருக்கிறார்கள். குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல்.

யாப்பிலும் இதே பொருள்தான். ஓர் எழுத்து தனியாக நின்றால், அல்லது ஒற்றெழுத்தை மட்டும் சேர்த்துக்கொண்டு நின்றால் அது நேரசை. குறில் ஒன்று தனியாக நிற்காமல், இன்னொரு குறிலையோ நெடிலையோ அடுத்து நிறுத்தி இணைந்தால் அது நிரையசை. ஒற்று வந்தாலும் கணக்கில் சேராது. ரெண்டு எழுத்து வரிசையில் நிற்பதால் நிரை. பெயர் வைத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்க: 'நேர்' என்ற சொல்லை அலகிட்டால் நேரசை வருகிறது. 'நிரை' என்ற சொல்லை அலகிட்டால் நிரையசை வருகிறது. பெயரே உதாரணம். 0, 1 என்ற ரெண்டே குறியை வைத்துக் கணினி இயங்குகிற மாதிரி, நேர், நிரை என்ற ரெண்டே அசையை அடுக்கித்தான் வெண்பாவின் சீர்கள் எல்லாம் கட்டப்படுகின்றன.

3. ஆநிரை: கவர்ந்தவரும் காத்தவரும்

வரிசையாக நடந்து போகும் பசுக்கூட்டம் ஆநிரை. நாளடைவில் 'ஆ' இல்லாமல், 'நிரை' என்றாலே பசுக்கூட்டம் என்று ஆனது. அந்தக் காலத்தில் மாடுதான் சொத்து. திருக்குறளின் 'கல்வி' அதிகாரத்துக் கடைசிக் குறளில் 'மாடு' என்ற சொல்லே செல்வம் என்ற பொருளில் வருகிறது. ஆகவே ஒருவரின் நிரையை ஓட்டிப் போவது என்றால், இந்தக் காலக் கணக்கில் வங்கியையே தூக்கிக்கொண்டு போவது மாதிரி.

தொல்காப்பியம் போரைப் பற்றிச் சொல்லும்போது வெட்சித் திணையில் தொடங்குகிறது. வேந்தன் அனுப்பிய வீரர்கள் பகைவர் நாட்டுப் பசுக்களைக் களவாகக் கொண்டுவந்து பாதுகாப்பது வெட்சி. அங்கே 'கொண்டு வருதல்' என்பதோடு நிற்கவில்லை, 'காத்தல்' என்பதும் சேர்த்தே சொல்லப்படுகிறது. பறிகொடுத்தவர்கள் பின்தொடர்ந்து போய் மீட்பதைப் பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை 'கரந்தை' என்று தனித் திணையாகப் பிரித்தது. கவரப் போகிறவர் வெட்சிப் பூ சூடுவார், மீட்கப் போகிறவர் கரந்தைப் பூ சூடுவார். வெட்சி நமக்குத் தெரியாத பூ இல்லை. கோயில் வேலியோரம் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிற இட்லிப் பூதான்.

முல்லைத் திணையில் இதே நிரைக்கு வேறு முகம். மாலையில் மேய்ச்சல் முடிந்து மணி ஒலிக்க நிரை வீடு திரும்பும். போருக்குப் போன கணவன் இன்னும் வரவில்லையே என்று தலைவி அந்த மணியோசையைக் கேட்டு வாடுவாள். வெட்சியில் பதற்றம், முல்லையில் ஏக்கம். சொல் ஒன்றுதான், நிற்கிற இடம் மாறினால் மனசில் உண்டாக்குகிற உணர்ச்சி மாறுகிறது.

சிலப்பதிகாரத்தில் ரெண்டு பக்கமும் ஒரே நூலில் இருக்கிறது. வேட்டுவ வரியில், நிரை கவரும் எயினர்கள் கொற்றவையை வணங்குகிறார்கள். ஆய்ச்சியர் குரவையில், நிரை மேய்க்கும் ஆயர்குலப் பெண்கள் கண்ணனைப் பாடி ஆடுகிறார்கள். பறிப்பவருக்கும் ஒரு தெய்வம், காப்பவருக்கும் ஒரு தெய்வம். இளங்கோவடிகள் ரெண்டு பேரையும் மதித்து இடம் கொடுத்திருக்கிறார்.

4. நிரைக்காக விழுந்தவன் கல்லானான்

நிரையை மீட்கும் சண்டையில் இறந்த வீரனுக்கு ஊரார் கல் நட்டு, பூச்சூட்டி, படையல் வைத்து வணங்கினார்கள். அதுதான் நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த மிகப் பழைய தமிழி எழுத்து நடுகல்லில் 'ஆகோள்' என்ற சொல் இருக்கிறது. ஆ + கோள், பசுக்களைக் கொள்ளுதல். தொல்காப்பியம் வெட்சித் துறைகளில் சொல்லும் அதே 'ஆகோள்'! புத்தகத்துச் சொல் கல்லிலும் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களில் பசுக்கூட்டத்துக்கு 'தொறு' என்று இன்னொரு சொல் வருகிறது. கவிதையில் நிரை, கல்வெட்டில் தொறு.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று 6 படியாகச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்தி வணங்குவதில் முடிகிறது. இப்போது சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைத் திறந்து தலைப்புகளைப் பாருங்க: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. நிரை மீட்டு விழுந்த வீரனுக்குச் செய்த அதே சடங்கு வரிசையில்தான் கண்ணகி தெய்வமாக நிறுவப்படுகிறாள். மரத்தடியில் ஒரு கல்லை நட்டுக் கும்பிடுவதை 'படிக்காத சனங்க வழக்கம்' என்று யாராவது சிரித்தால், இந்த 5 தலைப்புகளை அவர்களுக்குக் காட்டலாம்.

5. விராட நாட்டில் நிரை மீட்சி

மகாபாரதத்திலும் நிரைக்குப் பெரிய இடம் உண்டு. வில்லிபாரதத்தின் விராட பருவத்தில் 'நிரைமீட்சிச் சருக்கம்' என்றே ஒரு பகுதி இருக்கிறது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பாண்டவர்கள் 12 வருடம் வனவாசம் முடித்து, 13ஆம் வருடம் யாருக்கும் தெரியாமல் விராட நாட்டில் ஒளிந்திருக்கிறார்கள். கீசகன் இறந்த செய்தி கேட்டதும் துரியோதனனுக்குச் சந்தேகம் வருகிறது. ஒரு பக்கம் திரிகர்த்த மன்னன் சுசர்மன், இன்னொரு பக்கம் கௌரவர் சேனை என்று விராடனின் பசு நிரையை ரெண்டு திசையிலும் கவர்கிறார்கள். அரண்மனையில் நடனம் சொல்லித் தரும் பிருகன்னளையாக இருந்த அர்ச்சுனன், இளவரசன் உத்தரனோடு தேரேறுகிறான். வன்னி மரத்தில் மறைத்து வைத்த வில்லை எடுத்துத் தனியாளாக நிரையை மீட்கிறான்.

ஒரு வருடம் முழுக்க அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு வேஷத்தில் இருந்தவன், நிரை பறிபோனபோது உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்தவர் வீட்டுப் பசுதானே என்று கணக்குப் பார்க்கவும் இல்லை. உப்பிட்ட வீட்டின் நிரை தன் பொறுப்பு என்று எழுந்தான்.

கண்ணன் கதையிலும் இதே பொறுப்புதான். பெரியாழ்வார் கோவர்த்தன மலையைப் பற்றி ஒரு பதிகமே பாடியிருக்கிறார். இடைவிடாத கல்மழையில் கண்ணன் மலையைக் குடையாகப் பிடித்தது ஆயருக்காகவும், அவர்களின் ஆநிரைக்காகவும். மேய்ப்பவனின் வேலையைத்தான் தெய்வம் செய்தது.

இங்கே நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். இது இலக்கண விதி இல்லை. 'வரிசை' என்றால் எது எதற்குப் பின்னால் என்ற இடம் மட்டும்தான் தெரியும். ஆநிரை என்று வரும் இடங்களில் பெரும்பாலும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார்: மேய்க்கிறவர், கவர்கிறவர், மீட்கிறவர். யாருடைய நிரை என்ற கேள்வி சொல்லோடு கூடவே வருகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு பால்காட்டுக்குப் போவோம்.

6. பால்காட்டில் நெரை

ரப்பர் மரங்களை வரிசையாகத்தான் நடுவார்கள். அந்த வரிசைதான் நெரை. விடியுமுன் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போனால், பால்வெட்டுக்காரர் தன் நெரையில் மரம் மரமாக வெட்டிக்கொண்டே போவார். இருட்டிலேயே தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்ந்த நேரத்தில் மரத்தின் உள்ளே அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். கடைசி மரம் வெட்டி முடித்த பிறகு, முதல் மரத்திலிருந்து அதே ஒழுங்கில் மங்குகளில் இருக்கும் பாலை வாளியில் சேர்க்க வேண்டும். முதலில் வெட்டிய மரத்தில்தான் பால் முதலில் நிற்கும். ஒழுங்கு தப்பினால் சில மங்குகளில் பால் உறைந்து கட்டியாகிவிடும். அதனால் நெரை என்பது நடக்கும் பாதை, செய்யும் வேலையின் கணக்கு, நேரத்தின் கணக்கு எல்லாம்தான். புல் வெட்டினாலும் ஆளுக்கு ஒரு நெரை. 'என் நெரை', 'அக்கா நெரை' என்று சொந்தம் சொல்லிப் பேசுவார்கள். நிரைக்குப் பின்னால் ஓர் ஆள் இங்கேயும் நிற்கிறார்.

சரி, நிரை எப்படி நெரை ஆனது? கொச்சையாகக் கெட்டுப்போனதா? இல்லை. ஒழுங்கான விதி ஒன்று இருக்கிறது. சொல்லின் முதலில் இகரம் வந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் அந்த இகரம் எகரமாகும்.

இலை, எலை
விலை, வெலை
இடம், எடம்
நிறம், நெறம்
விறகு, வெறகு
நிரை, நெரை

உகரமும் இப்படியே ஒகரமாகும்: உலகம், ஒலகம், முகம், மொகம், குடை, கொடை. அடுத்த எழுத்தில் இகரமோ உகரமோ இருந்தால் மாறாது. கிளியை யாரும் 'கெளி' என்பதில்லை. புலியை யாரும் 'பொலி' என்பதில்லை. பாட்டி இலக்கணப் புத்தகம் படிக்கவில்லை. ஆனா இந்த விதியை ஒரு நாளும் தப்பவிட்டதில்லை.

தோட்டத்துத் தமிழில் வேற்றுச் சொற்கள் நிறைய. 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து கித்தா. 'பரேட்' என்ற ஆங்கிலத்திலிருந்து பிரட்டு. 'மங்கோக்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து மங்கு. புது நாடு, புது மரம், புது வேலை. வேலையோடு சொல்லும் வந்தது. ஆனா அந்த மரம் நிற்கும் ஒழுங்குக்கு மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்த சொல்லையே வைத்துக்கொண்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை மலையகத்திலும் தேயிலைச் செடி வரிசைக்கு 'நிரை' என்றுதான் பெயர். அங்கே கொழுந்து, இங்கே பால். ரெண்டு நாட்டிலும் ஒரே சொல் என்றால், கப்பல் ஏறுவதற்கு முன்பே அது அந்த மக்களின் வாயில் இருந்திருக்க வேண்டும். இந்தியா 1938இல் இங்கே தோட்டத் தொழிலாளர் வருவதை நிறுத்தியது. அதற்கு முன் வந்தவர்கள் கொண்டுவந்த சொத்து இது.

7. நம் கையில் இருப்பது

தமிழ் வகுப்பில் 'தோட்டத்துத் தமிழ் பேசாதே' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறைய பேர். டவுனுக்கு வந்த பிறகு அப்பா அம்மாவே சில சொற்களை விட்டுவிட்டார்கள். கூட்டத்தில் 'நெரை' என்று சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். தேர்வில் தரமான தமிழில் எழுதத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா பேச்சுத் தமிழ் என்றதுமே பிழைத் தமிழ் என்று முத்திரை குத்துவது தவறு. அந்தப் பிழை என்று நாம் நினைக்கும் சொல்லுக்குள் வெட்சியும் கரந்தையும் இருக்கலாம்.

இதில் அவசரமும் இருக்கிறது. கெடாவில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. செம்பனையும் வரிசையில்தான் நிற்கிறது. ஆனால் அங்கே வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் அதை நிரை என்று சொல்லப் போவதில்லை. வேலை போனால் அந்த வேலையின் சொல்லும் போய்விடும். நெரை பிடித்து வேலை செய்தவர்களுக்கு இப்போது வயது 70, 80. ஆநிரை என்ற சொல்லைக் காப்பாற்ற ஓலைச்சுவடி இருந்தது, உரையாசிரியர்கள் இருந்தார்கள், கல் இருந்தது. பால்காட்டு நெரைக்கு நாம்தான் இருக்கிறோம்.

வகுப்பில் செய்து பாருங்கள்

1. நிரை, நிறை, நிரல் ஆகிய 3 சொற்களையும் வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து ரை, றை சரிபாருங்கள்.

2. உங்கள் வீட்டில் பேசும் சொற்களில் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறியவை 10 கண்டுபிடியுங்கள். மேலே சொன்ன விதிக்கு ஒத்துவராத சொல் கிடைத்தால் கண்டிப்பாகக் குறித்து வையுங்கள். விதியைச் சோதிக்க அதுதான் உதவும்.

3. விராட பருவக் கதையைச் சிறியவர்களுக்கு 5 நிமிடத்தில் சொல்லுங்கள். அர்ச்சுனன் வேஷத்தைக் கலைத்தது சரியா என்று அவர்களையே பேச விடுங்கள்.

4. தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து, காலையில் எழுந்ததிலிருந்து பால் ஸ்டோருக்குப் போகும்வரை என்னென்ன செய்தார் என்று கேளுங்கள். அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீங்க. அவர் வாயில் வந்தபடியே, 'நெரை' என்றால் 'நெரை' என்றே எழுதுங்கள். பக்கத்தில் அதன் எழுத்து வடிவத்தையும் பொருளையும், எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

நாலாவது பயிற்சியை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடாதீங்க.